கம்பெனி பிழைக்கும், பங்கு பிழைக்குமா?

மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் வைத்திருக்கும் என் மாமா போன மாதம் நாகர்கோவிலுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். திரையில் அவருடைய டீமேட் கணக்கு, அதாவது வாங்கிய பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு. ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்குகள். வாங்கிய விலையில் பத்தில் ஒன்றுகூட இப்போது இல்லை. "கம்பெனிய மூடமாட்டாவல்லா மக்கா?" என்று கேட்டார். மூடமாட்டார்கள் என்று நான் சொல்லியிருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆனால் அவர் கேட்டது ஒன்று, அவருக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. கம்பெனி மூடப்படுமா என்பது கம்பெனியைப் பற்றிய கேள்வி. தான் போட்ட பணம் என்ன ஆகும் என்பது பங்கைப் பற்றிய கேள்வி. டீக்கடையிலும் பேருந்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்தே பேசுகிறோம். கம்பெனி உயிரோடு இருக்க, அதன் பழைய பங்குகள் வெறும் தாளாகிப்போனது உண்டு. கம்பெனி முன்பைவிடப் பெரிதான பிறகும் பழைய பங்குதாரருக்குப் போட்டதில் ஐந்தில் ஒன்றே மிஞ்சியதும் உண்டு. அப்படி ஒரு கம்பெனியின் இயந்திரங்கள் நம் முப்பந்தல் அடிவாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அன்று மாமாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

குளச்சல் கரையில் தொடங்குவோம்

குளச்சலில் ஒரு விசைப்படகு கரை சேர்கிறது. மீன் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லட்சமும் படகின் சொந்தக்காரருக்கு வந்துவிடாது. முதலில் டீசல் காசு போகும். ஐஸுக்கும் கடலில் சமைத்துச் சாப்பிட்ட சாமானுக்கும் போகும். ஏலக்காரர் கமிஷன் எடுப்பார். அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அதிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார். தொழிலாளிகளின் பங்கு பிரியும். இந்தக் கணக்கு ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். மாறாதது ஒன்று: எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதே சொந்தக்காரருடையது. மீன் குறைவாகப் பட்ட நாளில் டீசல் காசுக்கே பற்றாது, அவருக்கு ஒன்றும் இல்லை. ஐந்து லட்சத்துக்கு மீன் பட்ட நாளிலும் டீசல் செலவு அதேதான். கூடுதலாக வந்ததில் பெரும்பகுதி அவர் பக்கம் சேரும்.

பங்குச் சந்தையில் நாம் வாங்கும் பங்கும் இதேதான். ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு துண்டுக்குப் பெயர் பங்கு. அதை வைத்திருப்பவர் பங்குதாரர், அதாவது படகின் சொந்தக்காரர்களில் ஒருவர். அவருக்கு இவ்வளவு கொடுப்போம் என்று எந்தத் தாளிலும் எழுதித் தரப்படவில்லை. கடன் கொடுத்தவருக்கோ தொகையும் வட்டியும் முன்பே எழுதி வைத்தாகிவிட்டது. நல்ல காலத்தில் கடன் கொடுத்தவருக்கு எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய் கிடைக்காது. கெட்ட காலத்தில் பங்குதாரருக்கு முன்னால் அவர் நிற்பார்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கட்டுரையில் இதை மட்டும் நினைவில் வைத்தாலே போதும். படகின் விலை 60 லட்சம். வங்கிக் கடன் 50 லட்சம். அப்படியானால் சொந்தக்காரருக்கு உண்மையில் உள்ளது 10 லட்சம். ஏதோ காரணத்தால் படகின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 48 லட்சம் ஆகிறது. கடன் அதே 50 லட்சம். படகின் மதிப்பு குறைந்தது 20 சதவீதம். சொந்தக்காரருக்குப் போனது 100 சதவீதம். படகு என்னவோ நேற்று போல இன்றும் கடலுக்குப் போகிறது, வலை வீசுகிறது, மீனோடு திரும்புகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

கம்பெனியின் அலுவலகம் திறந்திருக்கிறது, ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள், அப்புறம் ஏன் பங்கு 90 சதவீதம் விழுந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த 60, 50, 48 கணக்குதான் பதில்.

ஆறுதலான ஒரு விஷயமும் இருக்கிறது. நாலு பேர் கூட்டாகக் கடை வைத்து நொடித்தால் கடன்காரர் வீட்டு வாசலுக்கே வரலாம். லிமிடெட் கம்பெனியில் அப்படி இல்லை. முழுப் பணமும் கட்டி வாங்கிய பங்குக்கு மேல் பங்குதாரரிடம் யாரும் ஒரு பைசா கேட்க முடியாது. இதற்கு வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று பெயர். பங்கு வாங்குவதற்கென்று நகையை அடகு வைத்திருந்தால் அந்தக் கடன் தனி. அதை நீங்கள்தான் திருப்ப வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பங்கில் 10 ரூபாய் என்றோ 2 ரூபாய் என்றோ முகமதிப்பு எழுதியிருக்கும். கடைசியில் அந்த முகமதிப்பாவது கைக்கு வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அது கணக்குப் புத்தகத்தில் எழுதுவதற்கான எண். அதைத் திருப்பித் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பங்குதாரர் மிச்சத்துக்கு உரியவர். கடன் மாறாமல் நிற்க, சொத்தின் மதிப்பு கொஞ்சம் சரிந்தாலும் அவருடைய மிச்சம் முழுவதும் கரைந்துவிடும்.

கையில் காசில்லாததும் நொடித்துப்போவதும்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் படகுக்காரருக்கு வரவு இல்லை, வங்கித் தவணையோ நிற்காது. 60 லட்சம் படகும் 20 லட்சம் கடனும் உள்ள ஒருவர் அந்த நாட்களில் ஐயாயிரத்துக்குத் தடுமாறலாம். அவர் நொடித்தவர் அல்ல. ஆகஸ்ட் மாதம் வலை நனைந்தால் சமாளித்துக்கொள்வார். இதைப் பணப்புழக்கத் தட்டுப்பாடு என்பார்கள். சொத்தை முழுவதும் விற்றாலும் கடன் தீராத நிலைதான் நொடிப்பு.

இரண்டும் வேறு என்றாலும் ஒன்று இன்னொன்றாக மாறிவிடும். தவணை தவறினால் அபராத வட்டி ஏறும். சரக்குக் கொடுத்தவர்கள் ரொக்கம் கேட்பார்கள். நல்ல ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். அப்படியே படகின் மதிப்பும் இறங்கும். இணையவழியில் பாடம் நடத்திய பைஜூஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024 ஜூலையில் பெங்களூருவில் உள்ள கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அதன் மீதான நொடிப்பு வழக்கை ஏற்றது. வழக்குப் போட்டது இந்தியக் கிரிக்கெட் வாரியம். கேட்ட பாக்கி 158 கோடி ரூபாய். அந்தப் பெரிய எண்ணுக்கு முன்னால் 158 கோடி ஒன்றுமே இல்லை. ஆனால் 2,200 கோடி டாலர் என்பது முதலீட்டாளர்கள் சேர்ந்து போட்ட மதிப்பு. பாக்கி கேட்டு வந்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் பணமாக அது எந்தப் பெட்டியிலும் இருக்கவில்லை. அதில் பெரும்பணம் போட்ட புரோசஸ் என்ற நிறுவனம் அதே 2024-இல் தன் பங்குகளின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று தன் கணக்கில் எழுதிவிட்டது.

ரப்பர் ஷீட்டும் பிச்சிப்பூவும்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்றார் மாமா. பெரிய கம்பெனி, விற்றாலும் கோடிக்கணக்கில் போகாதா என்பது அவர் எண்ணம். ரப்பர்க்காரருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். விலை இறங்கினால் ஷீட்டை உலர்த்தி அடுக்கி வைத்துக் காத்திருக்கலாம். ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு. பால் வற்றிய மரத்தைத் தடிக்கு விற்கலாம். அப்புறமும் நிலம் இருக்கிறது.

தொழில்நுட்ப நிறுவனத்தின் சொத்து பெரும்பாலும் தோவாளைப் பூவைப் போன்றது. விடியற்காலையில் பிச்சிப்பூவுக்கு என்ன விலை, வெயில் ஏறியபின் என்ன விலை என்று சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் விலையுள்ளதாக இருப்பது எது? வேலை தெரிந்த ஆட்கள், நம்பி வந்த வாடிக்கையாளர்கள், மென்பொருள், காப்புரிமை, பெயர். கம்பெனி தள்ளாடுகிறது என்ற செய்தி வந்ததுமே கெட்டிக்கார ஆட்கள் வேறு வேலை தேடிக்கொள்கிறார்கள். நாளைக்கு இவர்கள் இருப்பார்களா என்ற சந்தேகம் வந்ததும் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்குகிறார். பராமரிக்க ஆளில்லாத மென்பொருளுக்கு ஓராண்டில் மதிப்பில்லை. மேசையும் கணினியும் பழைய விலைக்குப் போகும். வழக்கு இழுக்க இழுக்கப் பூ வாடுகிறது.

காப்புரிமை மட்டும் சில வேளை வாடாமல் நிற்கும். அப்போதும் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். கனடாவின் நார்டெல் ஒரு காலத்தில் உலகத் தொலைபேசி வலையமைப்புகளுக்குக் கருவிகள் செய்த பெரும் நிறுவனம். 2000-ஆம் ஆண்டு உச்சத்தில் டொராண்டோ பங்குச் சந்தைக் குறியீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது ஒன்றே. 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு, அதாவது கடன்காரர்கள் நெருக்காதபடி தடை கேட்டு, நீதிமன்றம் போனது. 2011-இல் அதன் காப்புரிமைகளை ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட கூட்டணி 450 கோடி டாலருக்கு வாங்கியது. யானை இறந்தும் ஆயிரம் பொன்! ஆனால் அந்தப் பொன் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் மற்றக் கடன்காரர்களுக்கும் போனது. அவர்களுக்கே முழுதாகப் பற்றவில்லை. பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம்.

வரிசையில் யார் முன்னால்?

இந்தியாவில் இந்த வரிசையைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டம் அது. ஒரு நிறுவனம் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத பாக்கியைக் கொடுக்கத் தவறினால், கடன் கொடுத்தவர் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் பதிவான கம்பெனி என்றால் சென்னை அமர்வு. மனு ஏற்கப்பட்டதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுவிடும். தீர்வு நிபுணர் என்ற ஒருவர் பொறுப்பேற்பார். கடனைக் கேட்டு யாரும் வழக்குப் போடவோ சொத்தைப் பறிக்கவோ முடியாதபடி தற்காலிகத் தடை வரும். கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து கடன் கொடுத்தோர் குழு அமைப்பார்கள். கம்பெனியை வாங்க யார் வந்தாலும், அவர் தரும் திட்டத்துக்கு அந்தக் குழுவில் 66 சதவீத வாக்கு வேண்டும். அதன்பின் தீர்ப்பாயம் ஒப்புதல் தர வேண்டும். 180 நாளில் முடிக்க வேண்டும், வழக்கு வாய்தா எல்லாம் சேர்த்து 330 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் போகின்றன.

இதில் மாமாவைப் போன்ற சிறு பங்குதாரருக்கு எந்த நாற்காலி? அந்தக் குழுவில் அவருக்கு நாற்காலியே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கனத்தது. ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு. சொத்தைவிடக் கடன் பெரிதானபின் அந்தப் படகு நடைமுறையில் கடன் கொடுத்தவர்களுடையது.

வாங்க யாரும் வராமல் போனால் கம்பெனியைக் கலைத்து, சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிப்பார்கள். முதலில் இந்த நடைமுறைக்கே ஆன செலவு. அடுத்து, ஈடு வைத்துக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளிகளின் கடைசி 24 மாத பாக்கியும் ஒரே வரிசையில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. பிறகு ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள். அதன்பின் அரசு வரி பாக்கி, மற்றக் கடன்கள், முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பவர்கள். எல்லோரும் வாங்கிய பிறகு ஏதாவது மிஞ்சினால் அது சாதாரணப் பங்குதாரருக்கு. சந்தையில் நாம் வாங்குவது இந்தச் சாதாரணப் பங்கைத்தான்.

மிஞ்சுமா? வீடியோகான் குழுமத்தின் 13 நிறுவனங்கள் மீது ஏற்கப்பட்ட கடன் கோரிக்கை சுமார் 64,800 கோடி ரூபாய். 2021 ஜூனில் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட திட்டத்தில் கிடைக்கவிருந்தது 2,962 கோடி. நூறு ரூபாய் கடன் கொடுத்தவருக்கே ஐந்து ரூபாய் இல்லை. பங்குகளைச் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்குவது, பங்குதாரர்களுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தத் திட்டம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஜனவரியில் அந்த ஒப்புதலை ரத்து செய்தது உண்மை. ஆனால் 64,800-க்கும் 2,962-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எந்தத் தீர்ப்பும் நிரப்ப முடியாது.

சுருக்கமாக: வழக்கு தொடங்கியபின் முடிவெடுப்பவர்கள் கடன் கொடுத்தவர்கள். பிரிக்கும் வரிசையில் சாதாரணப் பங்குதாரர் கடைசி ஆள்.

பெயர் மட்டும் மிஞ்சும்போது

"வேற பெரிய கம்பெனி வாங்கிட்டாம்னா நம்ம பைசா தப்பிச்சுரும்" என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று எனக்குப் படுகிறது. வாங்குபவர் பெரும்பாலும் தொழிலை வாங்குகிறார், பழைய பங்கை அல்ல. புகைப்பட ஃபிலிம் செய்த கோடாக் இன்றும் இருக்கிறது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் தொங்கிய அதே மஞ்சள் பெயர்தான். 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக்குப் போய், 2013 செப்டம்பரில் வெளியே வந்தது. வெளியே வந்த கம்பெனி புதிய பங்குகளை வெளியிட்டது. பழைய பங்குகள் ரத்தாயின. நூறாண்டுப் பெயர் பிழைத்தது. அந்தப் பெயரை நம்பிப் பங்கு வைத்திருந்தவருக்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

இப்படி ரத்தாகப்போகும் பங்குகளும் கடைசி நாள் வரை ஏதோ ஒரு விலைக்குக் கைமாறும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று திரையில் ஓடும். 400 ரூபாய்க்கு விற்ற பங்கு 2 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று புதிதாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2 ரூபாயிலிருந்து பூஜ்ஜியத்துக்கு விழுந்தாலும் நஷ்டம் நூறு சதவீதம்தான்.

முப்பந்தல் காற்றாலைகள் சொல்லும் கணக்கு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில் ஆரல்வாய்மொழி தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் தொடங்கிவிடும். கணவாய் வழியாக வரும் காற்றுக்காக வந்தவை. அவற்றில் சுஸ்லான் நிறுவனத்தின் இயந்திரங்களும் உண்டு. சிறு வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போவேன். இப்போது அந்தப் பக்கம் போனால் எனக்கு வேறு எண்கள் நினைவுக்கு வருகின்றன.

1995-இல் துளசி தாந்தி தொடங்கிய நிறுவனம். 2005-இல் சந்தைக்கு வந்தது. 2006-இல் பெல்ஜியத்தின் ஹேன்சன் நிறுவனத்தை வாங்கியது. 2007-இல் ஜெர்மனியின் காற்றாலை நிறுவனமான ரீபவரைப் போட்டி போட்டு எடுத்தது. எல்லாம் பெரும் கடனில். 2008 ஜனவரியில் பங்கு விலை 400 ரூபாய்க்கு மேல். பிறகு உலக நிதி நெருக்கடி வந்தது. அமெரிக்காவில் நிறுவிய காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல் விட்ட விவகாரமும் சேர்ந்துகொண்டது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 2012 அக்டோபரில் சுமார் 21 கோடி டாலர் கடன்பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆசையாக வாங்கிய ஜெர்மன் நிறுவனத்தை 2015-இல் விற்றது. 2020 மார்ச்சில் பங்கு விலை 2 ரூபாய்க்கும் கீழே.

கம்பெனி பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்பதுதான் பங்குதாரர் பார்க்க வேண்டிய இடம். புதிதாகப் பணம் போட வந்தவர்களுக்குப் புதிய பங்குகள் கொடுக்கப்பட்டன. கடன் கொடுத்தவர்களின் பாக்கியில் ஒரு பகுதியும் பங்கு வழியாகவே தீர்க்கப்பட்டது. 2015-இல் சன் பார்மா மருந்து நிறுவனத்தின் திலிப் சங்வி தரப்பு ஒரு பங்கு 18 ரூபாய் வீதம் 1,800 கோடி போட்டது. 2022 அக்டோபரில், தாந்தி இறந்த சில நாட்களில், ஒரு பங்கு 5 ரூபாய் வீதம் 1,200 கோடி திரட்டப்பட்டது. 2008-இல் சுமார் 150 கோடியாக இருந்த மொத்தப் பங்குகள் 2024-இல் சுமார் 1,360 கோடி ஆகியிருந்தன.

இதற்குப் பங்கு நீர்த்துப்போதல் என்று பெயர். பாலில் தண்ணீர் சேர்ப்பது போல என்று இதை விளக்குவார்கள். நான் கல்யாண வீட்டுப் பந்தியைச் சொல்வேன். பத்து இலைக்கு வைத்த பாயசத்தைத் தொண்ணூறு இலைக்குப் பரிமாறினால் ஒவ்வொரு இலையிலும் எவ்வளவு விழும்? வந்தவர்கள் கையில் பால் கொண்டு வந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் வராவிட்டால் அடுப்பே அணைந்திருக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு என்பது பங்கு விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் வருவது. 2008-இல் 150 கோடியை 400-ஆல் பெருக்கினால் 60,000 கோடி. 2024 செப்டம்பரில் பங்கு 80 ரூபாயைத் தாண்டியது. 1,360 கோடியை 80-ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடிக்கு மேல். சந்தை போட்ட மதிப்பில் கம்பெனி தன் பழைய உச்சத்தைவிடப் பெரிதாகிவிட்டது! ஆனால் 2008-இல் நாலு லட்சம் கொடுத்து ஆயிரம் பங்கு வாங்கிய ஒருவர் 16 ஆண்டு கழித்துக் கையில் வைத்திருப்பது எண்பதாயிரம். 2020-இல் 2 ரூபாய்க்கு வாங்கியவருக்கோ அது நாற்பது மடங்கு. "சுஸ்லான் மீண்டது" என்ற ஒரே வாக்கியம் இந்த இரண்டு பேருக்கும் இரண்டு பொருள் தருகிறது.

அரசே பங்குதாரர் ஆனால்?

இன்றைக்கு எல்லோரும் பேசுவது செல்போன் நிறுவனமான வோடபோன் ஐடியா. 2018 ஆகஸ்டில் இரண்டு கம்பெனிகள் இணைந்தபோது சுமார் 870 கோடி பங்குகள். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி மலையாக ஏறியது. 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டிப் பாக்கியையும், 2025 ஏப்ரலில் மேலும் 36,950 கோடியையும் அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது. இரண்டும் பங்குக்கு 10 ரூபாய் கணக்கில். அரசின் பங்கு சுமார் 49 சதவீதம். நடுவில் 2024 ஏப்ரலில் பொதுமக்களிடம் பங்குக்கு 11 ரூபாய் வீதம் 18,000 கோடி திரட்டினார்கள். இப்போது மொத்தப் பங்குகள் 10,800 கோடிக்கு மேல்.

"கவர்மெண்டே உள்ள வந்துட்டு, இனி பயமில்ல" என்கிறார்கள். கம்பெனிக்கு அது நல்லது. கட்ட வேண்டிய கடன் அந்த அளவுக்குக் குறைந்தது. செல்போன் சேவை வைத்திருப்பவர்களுக்கும் நல்லது. ஆனால் 2018-இல் நூறில் ஒரு துண்டு வைத்திருந்தவர் எதையும் விற்காமலேயே இப்போது ஆயிரத்தில் ஒரு துண்டுக்கும் குறைவாக வைத்திருக்கிறார். கம்பெனியைக் காப்பாற்றும் கைக்கு நம் பங்கின் அளவைக் காப்பாற்றும் கடமை கிடையாது.

பங்குதாரர் தப்பிய ஒரு கதை

எப்போதும் இருட்டுதானா என்றால், இல்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் இருந்த பெரும்பணம் பொய் என்று கடிதம் எழுதினார். 179 ரூபாயில் இருந்த பங்கு அன்றே 40 ரூபாய்க்கு வந்தது. மத்திய அரசு சில நாட்களிலேயே இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதியவர்களை நியமித்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து நிறுவனத்தை எடுத்தது. 2013-இல் இணைந்தபோது 17 சத்யம் பங்குகளுக்கு 2 டெக் மஹிந்திரா பங்குகள் கிடைத்தன. நஷ்டம் பெரிதுதான், ஆனால் பங்கு சாகவில்லை.

ஏன்? தோவாளைப் பூவை நினைத்துப் பாருங்கள். கணக்கு பொய்யாக இருந்தாலும் வேலை உண்மையாக இருந்தது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள், உலகம் முழுவதும் வாடிக்கையாளர்கள். அவர்கள் கலைவதற்குள், பூ வாடுவதற்குள், மூன்று மாதத்தில் புதிய கை வந்து பிடித்துக்கொண்டது. தொழிலின் மதிப்பை விழுங்கும் அளவுக்குக் கடனும் இல்லை. அதனால் வரிசையின் கடைசி வரை ஏதோ மிஞ்சியது. ஆப்பிள்கூட 1997-இல் மைக்ரோசாஃப்ட்டிடம் 15 கோடி டாலர் முதலீடு வாங்கிய நிலையில்தான் இருந்தது என்று நம்பிக்கை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அந்த ஓர் ஆப்பிளை மட்டும் நினைவில் வைத்து நார்டெலை மறந்துவிடுகிறோம்.

மாமாவும் ஆண்டறிக்கையும்

இதையெல்லாம் கேட்டபின் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. விற்கவா, வைக்கவா என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது; அது அவருடைய வயதையும் தேவையையும் பொறுத்தது. "அப்போ எனக்க முன்ன எத்தன பேரு நிக்காவ?" என்றார்.

அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இருக்கிறது. பங்குச் சந்தையின் இணையதளத்தில் ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். மடிக்கணினியைத் திறந்தேன். முதலில் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போனோம். கம்பெனி தொடர்ந்து இயங்குவது குறித்துப் பெரும் சந்தேகம் உள்ளது என்ற பொருளில் அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேட வேண்டும். எழுதியிருந்தார், ஒரு பத்தி முழுக்க. அடுத்து, தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணம் எவ்வளவு, கட்ட வேண்டிய வட்டி எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும் பங்குதாரர் பட்டியலில் இருக்கும். மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை ஐந்து ஆண்டுகளில் எப்படி ஏறியது என்பதையும் அதே பட்டியலைப் பழைய ஆண்டுகளுக்கும் எடுத்துப் பார்த்தால் எண்ணிவிடலாம்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடன் விவரப் பக்கத்தில் விரலை வைத்தார். ரப்பர் கணக்கு எழுதிப் பழகிய விரல். ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஈடு வைத்து வாங்கிய கடன், ஈடில்லாத கடன், சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி, ஊழியர் பாக்கி, வரி பாக்கி. என் நோட்டில் அவரே கூட்டல் போட்டார். பிறகு சொத்துப் பக்கத்துக்கு வந்து, அங்கே எழுதியிருந்த தொகையில் நற்பெயர் மதிப்பு எவ்வளவு, மென்பொருள் எவ்வளவு, நிலமும் கட்டடமும் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வடசேரிக்குக் கிளம்பினார்.